காலையில் எந்த வண்டி?

ஜெயப்பிரியாவுக்கு யாராவது அறிவுரை சொல்ல வந்தால் அவள் திருப்பிக் கேட்பது ஒரே கேள்விதான். "நீங்க காலைல எத்தினி மணிக்கு ஊட்ட உட்டு கெளம்புறீங்க?" வருகிற பதிலை வைத்துத்தான் அந்த அறிவுரையைக் கேட்பதா, காற்றில் விடுவதா என்று முடிவு செய்வாள். இதைத் திமிர் என்று சொல்கிறவர்கள் உண்டு. அவர்களில் பாதிப் பேர் வீட்டுக்குப் பக்கத்திலேயே வேலை பார்ப்பவர்கள் என்பதை நான் கவனித்திருக்கிறேன்.

எங்கள் பழக்கம் ரயிலில் வந்தது. அவள் வீடு கோவில்பதாகை. ஆவடியில் புறப்படும் வண்டியில் ஏறி, பெண்கள் பெட்டியில் ஜன்னலோரம் உட்கார்ந்துவிடுவாள். நான் ஷாரன், அடுத்த நிலையமான அண்ணனூரில் ஏறுகிறவள். ஒரே ஒரு நிலையம்தான் வித்தியாசம், அதற்குள் இடமெல்லாம் போய்விடும். முதல் நாள் முன்பின் தெரியாத எனக்கு நகர்ந்து இடம் கொடுத்தவள், மறுநாளிலிருந்து பையை வைத்து இடம் பிடித்தே வைத்தாள். யாராவது முறைத்தால், "ஆளு வருது" என்பாள். அந்த ஆள் நான்தான்.

நான் பாரிமுனையில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் பில் போடுகிறேன். சென்ட்ரலில் இறங்கியதும் நான் பஸ்ஸுக்கு ஓடுவேன், அவள் பூங்கா நகரில் பறக்கும் ரயிலுக்கு ஓடுவாள். தரமணிப் பக்கம் ஒரு கல்லூரியில் நுண்ணுயிரியல் படித்தாள். சாயங்காலம் திரும்பும்போது பாக்டீரியாக்களைப் பற்றி, பக்கத்து வீட்டுப் பிள்ளைகளைப் பற்றிப் பேசுவதுபோலப் பேசுவாள். எதிர் சீட்டுக்காரிகள் கைக்குட்டையால் மூக்கை மூடிக்கொள்வார்கள்.

அவள் அழுது நான் பார்த்தது ஒரே ஒரு முறை. கடைசி வருடம், கோவில்பதாகை ஏரித் தண்ணீரை எடுத்துக்கொண்டு போய் ஆய்வு செய்தாள். வளர்கிற கிருமியை ராத்திரி வரை விட்டு விட்டுப் பார்க்க வேண்டுமாம். விடுதிப் பெண்கள் இருந்து பார்த்தார்கள். இவள் பாதியில் எழுந்து வண்டியைப் பிடிக்க வந்துவிடுவாள். பார்த்துக்கொள்கிறேன் என்று சொன்ன தோழி ஒருநாள் மறந்துபோனாள். அத்தனை நாள் உழைப்பும் வீண். "கிருமிக்கு ஆவடி வண்டி டைம் தெரியாதுடி" என்று சிரிக்கப் பார்த்தாள், முடியவில்லை. பேசின் பிரிட்ஜிலிருந்து வில்லிவாக்கம் வரை அழுதாள். எனக்கு அந்தத் தோழியைப் பிடித்து நாலு அறை விடலாம் போல இருந்தது.

மேற்படிப்புக்கு வெளிநாடு போவதென்று அவள் தீர்மானித்தது அன்றைக்குத்தான். விண்ணப்பித்ததில் இரண்டு இடங்கள் கிடைத்தன. ஒன்று லண்டன். இன்னொன்று வேல்ஸில், கடலோரத்தில் அபரிஸ்ட்வித் என்று ஒரு சின்ன ஊர். திங்கட்கிழமைக்குள் ஏதாவது ஒன்றுக்குச் சம்மதம் சொல்ல வேண்டும்.

அவள் அப்பா கங்காதரன் ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். "லண்டன்னா போ. இல்லாங்காட்டி இங்கியே படி."

அவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். பரம்பரையாகக் கோவில்பதாகையில் பயிர் வைத்த குடும்பம். நிலமெல்லாம் மனையான பிறகு பாரிமுனையில் ஒரு குழாய்க் கடையில் வருடக்கணக்கில் வேலை பார்த்தார். அப்புறம் அதை விட்டுவிட்டு ஆவடியில் சொந்தமாக ஹார்டுவேர் கடை போட்டார். நல்ல மனிதர், ஆனால் வெளியூர்க் கல்யாணத்தில் எந்த ஊர் என்று யார் கேட்டாலும் "மெட்ராஸ்" என்பார். மெட்ராஸில் எங்கே என்று விடாமல் கேட்டால் "அண்ணா நகர் தாண்டி" என்பார். அம்பத்தூர், திருமுல்லைவாயல், ஆவடி எல்லாம் அந்தத் 'தாண்டி'யில் அடங்கிவிடும். அப்படிப்பட்டவருக்கு மகள் லண்டன் என்றால் எப்படி இருக்கும்! ஆவடி மார்க்கெட்டில் பாதிப் பேரிடம் ஏற்கெனவே சொல்லியும் விட்டார்.

நானும் அவர் கட்சிதான். "லண்டன்னா ஒரு கெத்துடி" என்றேன்.

"அங்க படிக்கிறவங்க எங்க தங்குறாங்கன்னு கேட்டியா?" என்றாள். அவள் கேட்டிருந்தாள். லண்டனில் படிக்கும் தமிழ்ப் பிள்ளைகளை வலைவீசிப் பிடித்து, காலையில் எந்த வண்டி என்று ஒவ்வொருவரிடமும் விசாரித்திருக்கிறாள். அவளிடம் பேசியவர்களில் முக்கால்வாசிப் பேர் இரண்டு வண்டி மாறிப் போகிறவர்கள். "நான் லண்டன் போனா லண்டன்லயா இருப்பேன்? அந்த ஊரு கோவில்பதாகைலதான் இருப்பேன். அதுக்கு இங்கியே இருந்துட்டுப் போறேன்."

அபரிஸ்ட்வித்தில் படிக்கும் அம்பத்தூர்ப் பெண் எவாஞ்சலினையும் அவள் விடவில்லை. அந்தப் பெண் ஒளிக்காமல் சொன்னாள். கறிவேப்பிலைக்கு அலைய வேண்டும், பகுதிநேர வேலை சுலபத்தில் கிடைக்காது, மழைக்காலத்தில் காற்று ஆளைத் தள்ளும். ஆனால் அறையிலிருந்து நடந்தே ஆய்வகம் போகலாம், ராத்திரி எவ்வளவு நேரமானாலும் நடந்தே திரும்பலாம். ஜெயப்பிரியா அந்தக் கடைசி வரியை மட்டும் என்னிடம் இரண்டு தடவை சொன்னாள்.

ஞாயிற்றுக்கிழமை என்னைச் சாப்பிடக் கூப்பிட்டாள். போன பிறகுதான் தெரிந்தது, அது பஞ்சாயத்து. அவள் அம்மா வடிவு மீன் குழம்பு வைத்திருந்தார். சாப்பிட்டு முடிந்ததும் கங்காதரன் லண்டனில் படிக்கும் தன் அண்ணன் மகன் பரந்தாமனை வீடியோவில் கூப்பிட்டார். அவன் நாலு வார்த்தை நல்லதாகச் சொன்னால் மகள் மசிவாள் என்று கணக்கு.

பரந்தாமனும் ஆரம்பித்தான். "பாப்பா, லண்டன்னா லண்டன்தான். சான்ஸ விட்டுடாத."

"அண்ணா, இப்ப எங்க கீற?"

"வண்டில. இங்க காலைதானே. ஞாயித்துக்கெழம ஒரு கடைல வேல, அங்க போயிகினு கீறேன்."

"எப்ப கெளம்புன?"

"இருட்டோட கெளம்பிட்டேன்."

அவள் அதற்கு மேல் கேட்கவில்லை. கேட்டது கங்காதரன். போனைத் தன் பக்கம் இழுத்து, "குந்த எடம் கெடச்சுதாடா?" என்றார்.

"இன்னிக்கு லீவு நாளு, எடம் கீது சித்தப்பா. மத்த நாள்ல நின்னுகினுதான் போறது. ஊட்டுக்கு வந்தா சோறாக்கக்கூட முடியாது, அப்டியே படுத்துடுவேன்."

லண்டனின் பெருமைகளை அவன் இன்னும் கொஞ்சம் சொல்லிவிட்டு வைத்தான். ஜெயப்பிரியா அப்பாவின் எதிரில் போய்த் தரையில் உட்கார்ந்தாள்.

"நைனா, நீ இன்னாத்துக்கு பாரீஸ் கார்னர் கடைய உட்டுட்டு ஆவடிக்கு வந்தே?"

"அதெல்லாம் இப்ப எதுக்கு?"

"சொல்லேன்."

அவர் வடிவைப் பார்த்தார். "அப்ப நீ சின்ன கொழந்த. நீ ஏந்திரிக்க சொல்ல நான் வண்டில இருப்பேன். நான் வர சொல்ல நீ தூங்கியிருப்ப. ஒரு நாளு லீவுல தூக்க வந்தேன், யாரோ மாமான்னு நெனச்சிகினு அலறிட்டே. மறுநாளே மொதலாளியாண்ட சொல்லிட்டேன்."

"பெரிய கடைய உட்டுட்டு சின்ன கடைக்கு வந்தியே, கெட்டா போயிட்டே?"

"உன் மூஞ்ச பாத்தேனே, அது போதாதா?"

"எனக்கும் அவ்ளோதான் நைனா. நான் வளக்கிற கிருமி முழிச்சிகினு இருக்க சொல்ல, நான் பக்கத்துல இருக்கணும். இந்த தபா பாதில ஏந்திரிச்சி ஓட மாட்டேன்."

கெஞ்சவில்லை, குரல் உயரவில்லை. கங்காதரன் போனை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

"அந்த ஊரு பேர இன்னொரு தபா சொல்லு."

சொன்னாள். அவர் முயன்றார். மூன்றாவது முறை ஏதோ பக்கத்தில் வந்தது. அன்றைக்கே ஜெயப்பிரியா சம்மதம் அனுப்பினாள்.

அடுத்த மாதம் திருத்தணியில் அவர்கள் உறவில் ஒரு கல்யாணம். என்னையும் இழுத்துக்கொண்டு போனாள். பந்தியில் கங்காதரனுக்குப் பக்கத்து இலையில் ஒரு வேலூர்க்காரர். "பொண்ணு லண்டன் போகுதாமே?" என்றார்.

"லண்டன் கெடச்சிது, வேணான்னுட்டா. அபரிஸ்ட்வித் போறா." பிசிறில்லாமல் சொன்னார். வீட்டில் எத்தனை தடவை சொல்லிப் பார்த்தாரோ!

"கேள்விப்பட்டதில்லையே. நீங்க எந்த ஊருங்க?"

ஜெயப்பிரியா என் தொடையைக் கிள்ளினாள். 'மெட்ராஸ்' வரப்போகிறது என்று இருவரும் காத்திருந்தோம்.

"கோவில்பதாகை."

"அது எங்க இருக்குது? மெட்ராஸ் தாண்டியா?"

கங்காதரன் சாம்பாருக்குச் சோற்றில் குழி பறித்தபடியே சொன்னார். "மெட்ராஸ் வரைக்கும் எதுக்குங்க போவணும்? அதுக்கு முன்னாடியே எங்க ஊரு வந்துடும்."