பக்கத்து சீட்டுப் பெடல்

பழிவாங்குவது கெட்ட குணம் என்று சொல்லுகிறவர்களை எனக்குப் பிடிப்பதில்லை. அவர்களுக்கு யாரும் பெரிதாக எதுவும் செய்திருக்க மாட்டார்கள். மந்தைவெளியில் இருபத்திரண்டு வருஷமாக டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறேன். பெயர் கோதண்டபாணி. ஸ்டியரிங்கைக் கையில் கொடுத்துப் பத்து நிமிஷம் பக்கத்தில் உட்கார்ந்தால் போதும், ஆளின் சுபாவம் தெரிந்துவிடும். தப்பைத் தான் செய்துவிட்டு முன்னால் போகிற ஆட்டோக்காரரைத் திட்டுகிறவர், யாருமே இல்லாத தெருவில் ஹார்ன் அடிக்கிறவர், கண்ணாடியில் பின்னால் வரும் வண்டியைப் பார்க்காமல் தன் தலைமுடியைப் பார்க்கிறவர், எல்லாரையும் பார்த்தாயிற்று. ஆனால் கோபமே ஒரு மனுஷியை வளர்த்து ஆளாக்கியதை மணிமொழியிடம்தான் பார்த்தேன்.

மணிமொழி என்னிடம் ஆறு வருஷமாகப் பெண்களுக்குக் கார் ஓட்டச் சொல்லிக்கொடுக்கிறாள். வயது முப்பத்திரண்டு. அடையாறு ஆற்றோரக் குடிசையில் பிறந்தவள். வீட்டை இடித்து ஊருக்கு வெளியே அனுப்பிய பிறகு தினமும் இரண்டு பஸ் மாறி வருகிறாள். சின்ன வயதில் மயிலாப்பூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் படித்தாள். கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். கரும்பலகையில் உள்ளதை ஒரு புள்ளி விடாமல் நோட்டில் இறக்கிவிடுவாள். ஆனால் எழுதியதை வாசிக்கத் தெரியாது. வகுப்பு டீச்சர் ஜெயபாரதிக்கு இது தெரியும். தெரிந்தும் நோட்டில் சிவப்பு மையில் பாராட்டு எழுதிக் கையெழுத்துப் போட்டுக்கொண்டே இருந்தார். எட்டு வரைக்கும்தான் யாரையும் ஃபெயில் ஆக்குவதில்லையே, நமக்கென்ன வந்தது என்ற அலட்சியம்.

ஒன்பதாவது முடிகிற சமயம் அம்மாவைக் கூப்பிட்டு அனுப்பினார். பத்தாவதில் பள்ளிக்கூடம் நூற்றுக்கு நூறு தேர்ச்சி காட்ட வேண்டும், இந்தப் பெண்ணுக்குப் படிப்பு ஏறவில்லை, வேறு எங்காவது சேர்த்துக்கொள்ளுங்கள் என்று டி.சி.யைக் கையில் கொடுத்துவிட்டார். அந்த வருஷம் அப்படி நான்கு பிள்ளைகள். அம்மாவுக்கு ஒன்றும் புரியவில்லை. நோட்டெல்லாம் பாராட்டாக இருக்கிறதே. வீட்டுக்கு வந்து மகளை அடித்து நொறுக்கினாள். "இத்தினி வருசம் படிக்கிறேன் படிக்கிறேன்னு என்னிய ஏமாத்திக்கினு இருந்தியாடி?" என்று கேட்டாளாம். மணிமொழியும் அதை நம்பிவிட்டாள். தான்தான் மக்கு, தான்தான் எல்லாரையும் ஏமாற்றியவள் என்று.

நாலு வீட்டில் பாத்திரம் தேய்த்துக்கொண்டே வளர்ந்தாள். வேலை செய்த ஒரு வீட்டில் சின்னப் பிள்ளை ஒன்று இரண்டே மாதத்தில் எழுத்துக்கூட்டி வாசிக்கக் கற்றுக்கொண்டதைப் பார்த்த அன்றுதான் அவளுக்கு உறைத்திருக்கிறது. தனக்கு ஏறாமல் இல்லை, யாரும் ஏற்றவில்லை. அன்றைக்குப் பிடித்த கோபம்தான். பஸ் போர்டிலும் கடைப் பலகையிலும் வாசிக்கப் பழகினாள். பிரைவேட்டாகப் பத்தாவது எழுதி மூன்றாவது தடவையில் தேறினாள். லைசென்ஸ் எடுத்தாள். ஜெயபாரதி என்றாவது ஒரு நாள் தன் முன்னால் வந்து நிற்க வேண்டும் என்று மயிலாப்பூர் பக்கம் போகும்போதெல்லாம் வேண்டிக்கொள்வாளாம். எந்தச் சாமி காதில் விழுந்ததோ தெரியவில்லை.

போன ஆடி மாதம் ஜெயபாரதி என் ஆபீசுக்கு வந்தார். ரிட்டயர் ஆகிவிட்டார், கணவர் காலமாகி ஒரு வருஷம். கார் வீட்டு வாசலில் சும்மா நிற்கிறது. மகன் ராகேஷ் நங்கநல்லூரில் தன்னோடு வந்து இருக்கச் சொல்லி நச்சரிக்கிறான். அங்கே போனால் மருமகள் சமையல்கட்டில் மூலையில் உட்கார வேண்டியதுதான். தானே வண்டி ஓட்டிக் காய்கறிக்கும் டாக்டரிடமும் போய் வர முடிந்தால் மந்தைவெளியிலேயே இருந்துகொள்ளலாம். இதையெல்லாம் முதல் நாளே சொன்னார். நான் மணிமொழியின் கையில் ஒப்படைத்தேன். பழைய கதை அப்போது எனக்குத் தெரியாது.

ஜெயபாரதிக்கு அவளை அடையாளம் தெரியவில்லை. மணிமொழிக்குப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. ஆனாலும் முதலில் ஒழுங்காகத்தான் சொல்லிக்கொடுத்திருக்கிறாள். மூன்றாவது நாள் சிக்னலில் நிற்கும்போது அந்தம்மா அன்பாகப் பேச்சுக் கொடுத்தார். எவ்வளவு பொறுமையாகச் சொல்லித்தருகிறாய், எந்த ஸ்கூலில் படித்தாய் என்று கேட்டார். ஏதோ ஒரு ஸ்கூல் என்று இவள் மழுப்பினாள். அதற்கு அவர் சொன்னதை மணிமொழி எனக்கு அப்படியே சொல்லிக் காட்டினாள்: "எங்க ஸ்கூல்ல மட்டும் படிச்சிருந்தேன்னா நீ இன்னிக்கு எங்கயோ போயிருப்பே."

அந்த இடத்தில் நானாக இருந்தால் வண்டியை நடுரோட்டில் நிறுத்திவிட்டுக் கத்தியிருப்பேன். அவள் கத்தவில்லை. காலைப் பெடலிலேயே வைத்துக்கொண்டாள்.

எங்கள் தொழிலில் இருக்கிற வண்டிகளில் பக்கத்து சீட்டின் கீழேயும் ஒரு கிளட்ச்சும் ஒரு பிரேக்கும் உண்டு. பழகுகிறவர் தடுமாறினால் நாங்கள் இங்கிருந்து சமாளிப்போம். அவர் தன் காலை வெடுக்கென்று எடுத்தாலும் நாங்கள் கிளட்ச்சை மெதுவாக விட்டால் வண்டி வழுக்கிக்கொண்டு போகும். ஓட்டுகிறவர் தானே ஓட்டியதாக நினைத்துக்கொள்வார். பத்து வகுப்புக்குள் கொஞ்சம் கொஞ்சமாக எங்கள் காலை எடுத்துவிட வேண்டும். எடுக்காவிட்டால் அந்த ஆள் ஜென்மத்துக்கும் கற்றுக்கொள்ள மாட்டார். எப்போது எடுப்பது என்பதில் மணிமொழியை மிஞ்ச ஆள் கிடையாது. அதுவரை அவளிடம் பழகிய ஒருத்தர்கூடத் தேர்வில் தோற்றதில்லை. அந்தப் பெருமை எனக்கும் உண்டு.

ஜெயபாரதிக்கு இருபத்தாறு வகுப்பு. கடைசி வரை அவள் காலை எடுக்கவே இல்லை. அந்தம்மா லஸ் கார்னரில் திரும்பினார், பாலம் ஏறினார், ஒரு தடவைகூட வண்டி அணைந்து நிற்கவில்லை. ஒவ்வொரு நாளும் சூப்பர் மேடம், அருமை மேடம் என்று இவள் பாராட்டியிருக்கிறாள். அந்தம்மா பூரித்துப்போய் மகனுக்கு போன் போட்டு, நான் எங்கேயும் வரப்போவதில்லை என்று சொல்லியே விட்டார்.

தேர்வு நாளன்று காலையில் நானும் கூடப் போனேன். இன்ஸ்பெக்டர் மணிமொழியை இறங்கச் சொல்லிவிட்டு அந்த சீட்டில் தான் உட்கார்ந்தார். வண்டி குதித்து நின்றது. மறுபடி கிளம்பி மறுபடி நின்றது. மேட்டில் ஏற்றச் சொன்னபோது பின்னாலேயே உருண்டது. இன்ஸ்பெக்டர் பிரேக்கை அழுத்தி நிறுத்தினார். பிறகு நடந்ததைச் சொல்ல வேண்டியதில்லை.

ஜெயபாரதி இறங்கி வந்து மரத்தடி பெஞ்சில் உட்கார்ந்தார். என்னைப் பார்த்து, பாவம் இந்தப் பெண் நன்றாகத்தான் சொல்லிக்கொடுத்தாள், தப்பெல்லாம் என்னுடையதுதான், வயதாகிவிட்டது, எனக்கு இது ஏறவில்லை என்றார். மகனுக்குப் போன் செய்ய எண்ணைத் தேடினார்.

அதைக் கேட்டதும் மணிமொழியின் முகம் மாறியதைப் பார்த்தேன். இத்தனை வருஷமாகக் காத்திருந்தவள் குளிர்ந்துபோயிருக்க வேண்டும். ஆனால் அந்தம்மாவுக்குத் தன்னை யார் அடித்தது என்றே தெரியவில்லை. யாருக்கும் தெரியாத அடி என்ன அடி? அவள் நேராகப் போய் முன்னால் நின்றாள்.

"போன் போடாதீங்க மேடம். இருபத்தாறு நாளும் வண்டிய ஓட்டினது நானு. என் கால பெடல்லேந்து நான் எடுக்கவே இல்ல. நீங்க இன்னும் எதுவும் கத்துக்கல."

பிறகு தன் பெயரையும் வகுப்பையும் வருஷத்தையும் சொன்னாள். சிவப்பு மையைச் சொன்னாள். டி.சி.யைச் சொன்னாள். அம்மா அடித்ததைச் சொன்னாள். குரலை உயர்த்தவே இல்லை. அவர் திட்டுவார், புகார் கொடுப்பேன் என்பார் என்று நான் பயந்தேன். ஆனால் அவர் நிமிர்ந்து பார்த்தபோது முகம் தெளிந்திருந்தது.

"அப்போ... என்னால முடியாதுன்னு இல்லையா?" என்றார்.

எனக்குப் பொறுக்கவில்லை. இவ்வளவு பாடுபட்டு வாங்கிய பழி அந்தம்மாவுக்கு ஆறுதலாகப் போய்விட்டதே.

"முடியும்" என்றாள் மணிமொழி. "யாரும் கத்துக்குடுக்கல, அவ்ளோதான். உங்களுக்கு இத சொல்றதுக்கு நான் அஞ்சு நிமிசத்துல வந்துட்டேன். எனக்கு சொல்றதுக்கு யாருமே வர்ல."

ஜெயபாரதியின் முகத்தில் இருந்த வெளிச்சம் அப்படியே இறங்கியது. அந்த வருஷம் உன்னோடு வேறு யார் யார் போனார்கள் என்று கேட்டார். ஜானகி, அசோகன், ஃபராஸ் என்றாள். அவர் ஒவ்வொரு பெயரையும் வாய்க்குள் சொல்லிப் பார்த்தார். ஒரு முகமும் நினைவுக்கு வரவில்லை போலிருக்கிறது. அடுத்த வருஷத்துப் பிள்ளைகளை யோசித்தார். அதற்கு முந்தின வருஷம். விரலை மடக்கிக்கொண்டே போனவர் பாதியில் நிறுத்திவிட்டுப் புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டார்.

திரும்பி வரும்போது மணிமொழிதான் ஓட்டினாள். பின் சீட்டில் அவர் ஓசையில்லாமல் அழுதுகொண்டே வந்தார். மந்தைவெளியில் இறங்கும்போது, நாளைக்கு வந்தால் எனக்கு முதலிலிருந்து சொல்லித்தருவாயா என்று அவளிடம் கேட்டார்.

"வாங்க மேடம். இங்க அறிவு சார்னு இன்னொரு மாஸ்டர் இருக்காரு, அவரு சொல்லிக்குடுப்பாரு. நான் மாட்டேன்" என்றாள் மணிமொழி. கண்ணாடியில்கூட அவரைப் பார்க்கவில்லை. அடுத்த வகுப்புக்கு நேரமாகிவிட்டது என்று வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். என்னைச் சமாதானம் பேசச் சொல்லி அந்தம்மா என் கையைப் பிடித்தார். நான் பேசவில்லை.