காபி நிற பேன்ட்டும் அப்பாவின் கழுத்தும்

"நீ டிகிரி வாங்குற வரைக்கும் இந்த பேன்ட் இங்கயே தொங்குமா பாப்பா?" என்று கேட்டுவிட்டு கடைக்காரர் சிரித்தார்.

நான் அப்போது ஆறாம் வகுப்பு. தாம்பரம் ஸ்டேஷனுக்குப் பக்கத்தில், மொசைக் படிகள் தேய்ந்துபோன பழைய காம்ப்ளெக்ஸின் மாடியில் இருந்தது அந்த ஆண்கள் துணிக்கடை. சஃபாரி சூட்டும் அகலக் கால் பேன்ட்டும் தொங்கும். அன்றைக்கே அவையெல்லாம் பழைய மாடல்.

அப்பா வீடுகளுக்கு பெயின்ட் அடிப்பவர். காலிலிருக்கும் பெயின்ட் புதுத் துணியில் ஒட்டிவிடுமோ என்று டிரையல் ரூமுக்குள் போகவே மாட்டார். காபி நிற பேன்ட் ஒன்றை எடுத்து, பட்டன் போட்டபடியே இடுப்புப் பட்டியை இரண்டாக மடித்துக் கழுத்தைச் சுற்றிப் பிடித்தார். இரண்டு முனைகளும் பிடரியில் தொட்டுக்கொண்டால் இடுப்புக்குச் சரி. தொட்டன. கண்ணாடியில் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு திரும்ப மாட்டிவிட்டார்.

"இன்னாண்ணா, புடிக்கலையா?"

"எம்பொண்ணு டிகிரி வாங்கட்டும் முதலாளி. அன்னிக்கி இத்த மாட்டிக்கினு போய் முன்னால குந்தப்போறேன்."

"அதுக்குள்ள உன் கழுத்து பெருத்துடும்ணா!"

அதன் பிறகுதான் என் பக்கம் திரும்பி அந்தக் கேள்வி. எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். பேன்ட்டைச் சாக்கிட்டு என் படிப்பைத்தான் கேட்கிறார் என்று புரிந்தது. முகம் சுட்டது.

டிகிரி வாங்கினேன். முன்னால் உட்கார அப்பா இல்லை. நான் இரண்டாம் வருஷம் படிக்கும்போதே போய்விட்டார்.

போன மாதம் அந்தப் படிகளில் ஏறினேன். பழைய மாடல் வேண்டுமென்று இப்போது காலேஜ் பையன்கள் அங்கே தேடி வருகிறார்கள். காபி நிறத்தில் ஒன்று தொங்கியது. அதேதானா, தெரியாது. கழுத்தில் சுற்றிப் பார்த்தேன். முனைகள் ஒன்றை ஒன்று மூன்று விரல் தாண்டிப் போயின. அவ்வளவு பெரிய கழுத்தா அப்பாவுக்கு? கையை எடுக்க மனம் வரவில்லை.

"வீட்டுக்காரருக்காம்மா?" என்றார் கடைக்காரர். தலை முழுக்க நரைத்திருந்தது.

"எனக்குத்தான் சார். தொங்குமான்னு கேட்டீங்களே, தொங்குது பாருங்க."

அவருக்கு நினைவில்லை.

கீழே இருந்த டெய்லரிடம் பேன்ட்டின் இடுப்பைப் பிடித்துத் தைக்கச் சொன்னேன்.

"மிச்சத்த வெட்டிடவாம்மா? உள்ள உறுத்தும்."

"உறுத்தட்டும்ணா. வெட்டாதீங்க, மடிச்சுத் தைங்க."

தையலைப் பிரித்தால் அப்பாவின் அளவு திரும்பி வரவேண்டும்.

அதைப் போட்டுக்கொண்டுதான் இந்தத் திங்கட்கிழமை எம்.ஏ. முதல் வகுப்புக்குப் போனேன். முன் வரிசையில் உட்கார்ந்தேன்.