ஐந்தாம் மாதமா, ஆறாம் மாதமா?

பிரிண்டரின் அந்தக் கர்ர்ர் சத்தம்... பினாயில் வாடை, ஜூன் மாதப் புழுக்கம். மேற்கு வங்காளத்தில், பாலிகஞ்சில் ஒரு கண் மருத்துவமனையின் கவுன்டர்.

எனக்கு முதல் வேலை. ஆபீஸ் சால்ட் லேக்கில். வெளிநாட்டு கிளையன்டுக்காக எழுதிய சாஃப்ட்வேரைக் கொஞ்சம் மாற்றி இந்த மருத்துவமனைக்குக் கொடுத்திருந்தோம். எப்படி ஓடுகிறது என்று பார்க்க அன்று போயிருந்தேன்.

கேனிங் லோக்கல் ரயிலில் வந்திறங்கிய ஒரு அம்மாள், மகளின் தோளைப் பிடித்தபடி சீட்டை நீட்டினார். ஆபரேஷன் தேதி: 05/06.

"இது மே ஆறாம் தேதி. உங்க முறை போன மாசமே போயிடுச்சு" என்றார் கவுன்டர்க்காரர்.

அந்த அம்மாள் என் பக்கம் திரும்பி, அக்கா என்ற மரியாதையோடு வங்காளத்தில் கேட்டார். "ஏன் தீதி, இன்னிக்கு அஞ்சாம் தேதி, ஆறாவது மாசம்தானே? அப்படித்தானே போட்டிருக்கு?"

யாராக இருந்தாலும் அப்படித்தான் படிப்பார்கள். எங்கள் சாஃப்ட்வேர்தான் அந்த கிளையன்ட் நாட்டு வழக்கப்படி மாதத்தை முதலில் அச்சடித்திருந்தது...

கவுன்டரை விட்டு நகராமல் வாதாடி, அந்த வாரமே அவருக்கு ஆபரேஷனுக்கு இடம் வாங்கினேன். நேராக ஆபீஸ். மேனேஜர் ரகு சார், இங்கே ஜாதவ்பூரிலேயே வளர்ந்த, வங்காளம் நன்றாகப் படிக்கத் தெரிந்த தமிழர்.

"சார், மாசத்தை எழுத்துல போடணும். வங்காளத்துல."

"ஆஸ்பத்திரியில சரின்னு சைன்-ஆஃப் பண்ணியாச்சும்மா. அவங்களா கேட்டா பாப்போம். நீ தொடாதே."

தொட்டேன். மாதப் பெயர்கள், கிழமைகள் எல்லாவற்றையும் வங்காளத்தில் நானே டைப் அடித்தேன்.

மறுநாள் பார்த்ததும் அவர் முகம் சிவந்துவிட்டது.

"யாரைக் கேட்டு மாத்தின? எடு அதை."

"எடுக்க மாட்டேன் சார். வேணும்னா உங்க கையால அழிச்சுக்கோங்க."

அவர் திரையையே பார்த்துக்கொண்டு நின்றார்... அழிக்கவில்லை.

மாற்றம் மருத்துவமனைக்குப் போனது. நானும் அந்த ப்ராஜெக்டிலிருந்து தூக்கப்பட்டேன். வருடாந்திர அப்ரைசலில் ரகு சார் 'சொன்னபடி கேட்பதில்லை' என்று எழுதினார். நான் அழவில்லை. உண்மையைத்தானே எழுதியிருக்கிறார்!

இப்போதெல்லாம் ஒரே வரி புரோகிராம் கோடில் எந்த மொழியிலும் தேதி வந்துவிடுகிறது. இது அன்றைக்கே இருந்திருக்கக் கூடாதா என்று சில சமயம் ஏக்கமாக இருக்கும். இவ்வளவு வசதி வந்தும், இன்று நான் மேனேஜராக நடத்தும் மீட்டிங்கில் யாராவது ஒருவர், "தேதி நம்பர்லயே இருக்கட்டும், அதெல்லாம் யூசர் புரிஞ்சுப்பாங்க மேடம்" என்கிறார்.

"எந்த யூசர்? ஒரு பேர் சொல்லு" என்பேன்.



பேர் வராத வரை நான் அப்ரூவ் பண்ண மாட்டேன்.