கரி மூட்டத்தில் நான் போட்ட ஓட்டை

எங்கள் பக்கத்து வளவில் நின்ற புளியமரம் ஒரு மாரி மழையில் சரிந்து விழுந்தது. அந்த வீட்டு அண்ணை அதை அறுத்துக் காயவைத்து, சோளகக் காற்றுக் காலத்தில் கரி சுடுவதற்கு மூட்டம் போட்டார். பரந்தனில் ஒரு இரும்புப் பட்டறைக்காரர் கரி கேட்டிருந்தாராம். அண்ணை குடியை விட்டு அப்போது ஐந்து மாதம். விட்ட பிறகு தானாக எடுத்துச் செய்த முதல் வேலை அது. விறகை நெருக்கி அடுக்கி, மேலே வைக்கோல் பரப்பி, களிமண் குழைத்து இரண்டு நாள் பூசினார். அடியில் விரல் பருமனில் இரண்டு துவாரம் மட்டும் விட்டார்.

அவருடைய மனைவி வேலியடியில் என்னோடு நின்று பார்த்தார். "வீட்டுச் சுவரை இப்பிடிப் பூசியிருந்தா மழைக்கு ஊறாது," என்று அண்ணைக்குக் கேட்கும்படி சொன்னார். அந்த அக்கா அப்படிச் சிரித்து நான் அதிகம் பார்த்ததில்லை.

நெருப்பு வைத்த மூன்றாம் நாள் முல்லைத்தீவில் ஒரு செத்தவீடு. இருவரும் போகவேண்டி வந்தது.

"தங்கச்சி, இதை ஒருக்காப் பாத்துக்கொள்ளுங்கோ," என்றார் அண்ணை. "மண் வெடிச்சா மட்டும் பூசிவிடுங்கோ. வேறை ஒண்டும் செய்ய வேண்டாம். காத்து உள்ளுக்கை போகக்கூடாது."

"ஓம்," என்றேன். ஏன் என்று கேட்டிருக்கலாம். கேள்வி கேட்க எனக்குச் சின்ன வயதிலிருந்தே கூச்சம்.

மத்தியானத்துக்குள் புகை மெலிந்து போனது. காலையில் வெள்ளையாகப் பொங்கிய புகை, நூல் போல நீலமாக வந்தது. நெருப்பு அணையப் போகிறது என்று பயந்துவிட்டேன். ஈர விறகோடு மாரடித்த கை இது. அடுப்பு மங்கினால் ஊதுகுழலை எடுக்கத்தான் அதற்குத் தெரியும். அதோடு, பள்ளிக்கூடத்தில் எரியும் மெழுகுதிரியைக் கிளாசால் மூடிக் காட்டியதும் நினைவுக்கு வந்தது. உள்ளே ஒட்சிசன் தீர்ந்ததும் சுடர் குறுகி அணைந்தது. எரிவதற்கு ஒட்சிசன் வேண்டும் என்று சோதனையில் எழுதி நான் சரி வாங்கியவள். ஆனால் கரி சுடுகிறவர்கள் விறகு எரிந்துவிடக் கூடாது என்றுதான் காற்றை அடைக்கிறார்கள் என்பதை ஒருவரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. நீலப் புகை வந்தால் கரி ஆகிவிட்டது என்று அர்த்தம் என்பதும் தெரியாது.

கிடங்கு கிண்டுகிற இரும்பு அலவாங்கை எடுத்துக் காற்றுப் பக்கமாக ஒரு ஓட்டை போட்டேன்.

சோளகம் நேரே உள்ளே புகுந்தது. கொஞ்ச நேரத்தில் மூட்டத்துக்குள் இரைச்சல் கேட்டது. பிறகு உச்சி பிளந்து நெருப்பு வெளியே வந்தது. தண்ணீர் ஊற்றினேன். சூட்டில் இருந்த மண் இன்னும் உடைந்து விழுந்தது. சேற்றை அள்ளி அள்ளி அப்பினேன், நிற்கவில்லை. கடைசியில் நான் போட்ட ஓட்டையை மட்டும் கவனமாக அடைத்து, அலவாங்கைக் கழுவி இருந்த இடத்தில் வைத்தேன். அந்தக் கவனத்தை நினைத்தால்தான் எனக்கு இன்றும் கூசுகிறது.

பின்னேரம் அவர்கள் வந்தபோது வெள்ளைச் சாம்பல்தான் கிடந்தது. "வெடிச்சுப் போச்சு," என்று மட்டும் சொன்னேன்.

அக்கா சாம்பலைப் பார்க்கவில்லை, அண்ணையைப் பார்த்தார். "பூசின அண்டைக்குக் குடிச்சனீங்கள்."

"இல்லையப்பா. சத்தியமா இல்லை."

"எத்தினை சத்தியம் கண்டிட்டன். பிள்ளை, அவர் பூசேக்கை நீ வேலியடியிலைதானே நிண்டனீ. இவரிலை மணம் ஏதும் வந்ததோ?"

ஒரு மணமும் வரவில்லை. மண் வாசனைதான் வந்தது.

"நான் கவனிக்கேல்லை அக்கா," என்றேன்.

பத்து மாதம் அந்தச் சொல்லோடு இருந்தேன். அண்ணை திரும்பக் குடிக்கவில்லை. ஆனால் அவர் எங்கே போய்விட்டு வந்தாலும் அக்கா முகத்தைக் கிட்டக் கொண்டுபோய், குடி மணம் வருகிறதா என்று மணந்து பார்ப்பது எங்கள் குசினி யன்னலால் தெரியும். அவர் குழந்தை மாதிரி நின்று காட்டுவார்.

போன கிழமை அவர் வேலி கட்டிக்கொண்டிருந்தபோது பக்கத்தில் போய்ச் சொல்லிவிட்டேன். அவர் கம்பியை முறுக்குவதை நிறுத்தவில்லை.

"தெரியும் தங்கச்சி. அடைச்ச மண் வேறை நிறம்."

"அப்ப ஏன் அக்காட்டைச் சொல்லேல்லை?"

"சொன்னா, குடிகாரன் அடுத்த வீட்டுப் பொம்பிளையிலை பழி போடுறான் எண்டுவா. என்ரை சொல்லு எடுபடாது. நீங்கள்தான் சொல்லோணும்."

அப்படியே போனேன். அக்கா சுளகில் முருங்கையிலை உருவிக்கொண்டிருந்தார். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். ஏச்சு வரும் என்று காத்திருந்தேன்.

"அப்ப அண்டைக்கு அவர் குடிக்கேல்லையோ?"

"இல்லை அக்கா."

அவருடைய கை நின்றுவிட்டது. "மூட்டம் போனாப் போகட்டும் பிள்ளை. நான் அந்த மனுசனை ஒவ்வொரு நாளும் மணந்தெல்லே பாத்தனான்."

சுளகை வைத்துவிட்டு எழும்பி, அண்ணை நின்ற வேலிப் பக்கம் போனார். என்னைப் போ என்றும் சொல்லவில்லை, இரு என்றும் சொல்லவில்லை. பாதி உருவின கீரைக்குப் பக்கத்தில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, படலையைச் சாத்திக்கொண்டு வந்துவிட்டேன்.