வடிகஞ்சி போன வழி

குக்கர் சோறு எனக்குத் தொண்டையில் இறங்காது. தஞ்சாவூர்க்காரி நான், உலை வைத்துக் கஞ்சி வடித்தால்தான் அது சோறு. செங்கல்பட்டுக்குக் குடிவந்து பத்து வருடமாகியும் இந்தத் திமிர் போகவில்லை. என் கணவர் பழைய வேன் ஒன்றை வாங்கி, கட்டில், அடுப்பு, சிங்க் எல்லாம் வைத்து கேரவனாக மாற்றியபோதும், சோறு வடிக்க இடம் இருக்கிறதா என்றுதான் முதலில் கேட்டேன்.

எலி வளையானாலும் தனி வளை என்று பீற்றிக்கொண்டு சனிக்கிழமைதோறும் கடற்கரைக்குக் கிளம்பிவிடுவோம். அவர் ஓட்டுவார், பக்கத்தில் நான். பின்னால், சிங்க்கை ஒட்டிய ஒற்றைச் சீட்டில், மூன்றாவது படிக்கும் எங்கள் மகள் பெல்ட் போட்டு உட்கார்ந்திருப்பாள்.

"கொதிக்கிற கஞ்சிய சிங்க்ல ஊத்தாத, அந்தக் குழாய் தாங்காது" என்று அவர் சொல்லத்தான் செய்தார்.

"உங்க வண்டிக்கு வக்கில்லன்னா என் சோத்தக் குறை சொல்லாதீங்க" என்றேன்.

சில மாதத்திலேயே குழாய் சூட்டில் நெகிழ்ந்து, மூட்டில் ஒழுக ஆரம்பித்தது. சொன்னால் குக்கரை என் தலையில் கட்டிவிடுவாரே! அவருக்குத் தெரியாமல் பழைய துண்டைக் கிழித்து மூட்டைச் சுற்றி இறுக்கிக் கட்டினேன். சொட்டுவது நின்றது. கெட்டிக்காரிதான் என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

போன மாதம் திருவிடந்தையில் சவுக்குத் தோப்போரம் வண்டியை நிறுத்தியிருந்தோம். காலையில் எழுந்தால் உள்ளே ஒரே புளிச்ச நாற்றம். அவர் மெயின் ரோட்டுக்குப் போய் ஒரு மெக்கானிக்கை அழைத்து வந்தார். அந்த ஆள் சிங்க்குக்கு அடியில் தலையை விட்டார்.

"இன்னாக்கா இது, உள்ள கூழு காச்சிகினு கீறீங்களா?"

கொழகொழவென்று என் துண்டு வெளியே வந்தது. கணவர் என்னைப் பார்த்தார். நான் கடலைப் பார்த்தேன்.

பத்து நிமிடத்தில் புதுக் குழாய் மாட்டியாயிற்று. விட்டது தொல்லை என்று நினைத்தேன். மெக்கானிக் நகரவில்லை. "இத்தினி நாளா ஒழுவுன தண்ணி எங்க போச்சின்னு பாக்க வேணாமா?" என்று தரை விரிப்பை உரித்தார். அடியில் பலகை கன்னங்கரேலென்று கிடந்தது. விரலால் குத்தினார், விரல் உள்ளே போயிற்று. அந்தக் கறுப்பு அப்படியே மகளின் சீட்டு வரைக்கும் ஓடியிருந்தது.

மெக்கானிக் எழுந்து, சீட்டின் முதுகைப் பிடித்து ஒற்றைக் கையால் தூக்கினார். வந்துவிட்டது. நாலு போல்ட்டும், அவற்றோடு ஊறிப்போன மரமும். ஓட்டை வழியாகக் கீழே மணல் தெரிந்தது.

"ஐயோ!" என்று கத்தினேன்.

"ஒரு பிரேக்கு அட்ச்சிருந்தா பாப்பா சீட்டோட முன்னாடி வந்திருக்கும்" என்ற மெக்கானிக், போல்ட்டைத் திருப்பிப் பார்த்தார். "இந்த வாஷர் இன்னா புச்சா கீது? யாரு போட்டது?"

கணவர் தரையைப் பார்த்தபடி சொன்னார். "நான்தான். சீட்டு கொஞ்சம் ஆடுச்சு. அடியில என்னன்னு பாக்காம வாஷர் வெச்சு முடுக்கிட்டேன்."

நான் அவர் பக்கம் திரும்பினேன். "ஏன் என்கிட்ட சொல்லல?"

"சொன்னா இனிமே எங்கயும் போக வேணாம்னு நிறுத்திடுவ."

"ஆடுதுன்னு தெரிஞ்சுமா புள்ளைய உக்கார வெச்சீங்க? நீங்க மனுஷனா?"

"ஒழுகுதுன்னு தெரிஞ்சுதான நீயும் துணி கட்டுன?"

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க ஆளுக்கொரு பக்கம் முயன்றிருக்கிறோம். எத்தனை வேகத்தடை, எத்தனை சடன் பிரேக்! மெக்கானிக் கையைத் துடைத்துக்கொண்டு இறங்கிப் போனார்.

வெளியே கிளிஞ்சல் பொறுக்கிக்கொண்டிருந்த மகள் வாசல்படியில் ஏறி எட்டிப் பார்த்தாள். சாய்ந்து கிடந்த சீட்டையும் தரையிலிருந்த நாலு ஓட்டையையும் பார்த்தாள்.

"அப்ப நான் எதுல உக்கார்றது?" என்று கேட்டாள்.

இருவருமே அவள் முகத்தைப் பார்க்கவில்லை.