ஆரணி நர்சம்மாவின் முதுகும் நான் செய்த பிரசவக் கட்டிலும்

ஆரணிக்கு எல்லோரும் பட்டுப்புடவை எடுக்கப் போவார்கள். நான் திட்டு வாங்கப் போனேன். எண்பதுகளின் தொடக்கம், வேலூரில் ஓர் இரும்புக் கட்டில் பட்டறையில் எனக்கு வேலை. ஆறு வருடங்களுக்கு முன் நான் செய்து அனுப்பிய பிரசவக் கட்டிலைப் பற்றி ஆரணியில் சின்னதாகப் பிரசவ விடுதி நடத்தும் நர்சு ஒருவர் கார்டு போட்டிருந்தார்: "கட்டில் செய்தவரை நேரில் அனுப்புங்கள். என் முதுகு போய்விட்டது. இப்படியே போனால் விடுதியை மூடிவிடுவேன்." முதலாளி கார்டை என் கையில் திணித்துவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார்.

காலை ஏழரைக்குப் பஸ். ஏறக்குறைய நாற்பது கிலோமீட்டர், டிக்கெட் மூன்று ரூபாய், ஒன்றரை மணி நேரம் என்றார்கள். நம்பாதீர்கள். கண்ணமங்கலம் தாண்டியதும் டயர் வெடித்தது. "ஜல்தியா எறங்குங்க!" என்று டிரைவர் கத்தினார். ஜன்னலோரப் பெரியவர் ஒருவர் மட்டும் அசையவில்லை.

"எறங்கினா சீட்டு பூடும். நீ ஒன் வேலையப் பாருப்பா."

டிரைவர் பேஜாராகி, அவரை வைத்துக்கொண்டே ஜாக்கியைத் திருகினார். பெரியவர் வெற்றிலை மென்றபடி மெல்ல மெல்ல உயர்ந்தார். சாலையில் நின்ற நாங்கள் வயிறு வலிக்கச் சிரித்தோம்.

பத்தேகாலுக்கு ஆரணி. பஸ் நிலையத்திலிருந்து கால் மணி நேர நடை. நெசவாளர் ஒருவரின் வீட்டை வாடகைக்கு எடுத்துத்தான் விடுதி நடந்தது. முன்னறையில் என் கட்டில். அதற்கு அந்தப் பக்கம் வெள்ளைப் புடவையில் குள்ளமாக ஓர் அம்மாள். கட்டில் அவர் இடுப்புக்கு மேலேயே இருந்தது. எனக்குத் தைரியம் வந்துவிட்டது.

"அளவு கச்சிதமா இருக்குதே, நர்சம்மா! அப்புறம் ஏங்க கார்டு போட்டீங்க?"

"அப்படிங்களா?" என்றவர் சுவரைப் பிடித்துக்கொண்டு ஒரு படி ஏறினார். பிறகு இன்னொரு படி. ஏறி முடித்தபோது என் தலை அவர் தோளுக்குத்தான் வந்தது. இவ்வளவு நேரம் தரையில் இருந்த ஒரு குழிக்குள் நின்றிருக்கிறார்!

வீட்டுக்காரர் தேவராஜ் விளக்கினார். "அது தறிக்குழிங்க. நாங்க அதுல கால வுட்டு உக்காந்துதான் நெய்வோம். நர்சம்மா நாளெல்லாம் குனிஞ்சிகினே கெடக்கறாங்களேன்னு மேல போட்ட பலகைய எடுத்துட்டு, கட்டில இங்க தள்ளினேன்."

"முதுகு பாதி தேறிச்சு, முட்டி முழுசா பூட்டுது," என்றார் நர்சம்மா. "துணிக்கு ஒரு ஏத்தம், சுடுதண்ணிக்கு ஒரு ஏத்தம். சாயங்காலம் குனிஞ்சு செருப்பு வாரு மாட்ட முடியல. புள்ள பொறந்த அப்பனுங்கதான் மாட்டி வுடறாங்க."

"நானே மூணு வாட்டி மாட்டி வுட்டிருக்கேன்," என்றார் தேவராஜ் பெருமையாக. அவருக்கு மூன்று பிள்ளைகள்.

"கட்டில் காலுக்கு அடியில செங்கல் வெச்சுட்டா?" என்றேன்.

"வலி எடுத்த பொண்ணு அம்மாம் ஒசரம் எப்படிங்க ஏறும்? நீங்களே ஏறிப் பாருங்க."

செங்கல் வைத்து ஏறினேன். கட்டில் ஆடியது. நான் தேவராஜின் கழுத்தைக் கட்டிக்கொண்டேன். "மூச்ச நல்லா இழுத்து வுடுங்க," என்றார் நர்சம்மா, பழக்க தோஷத்தில்.

வெட்கமாக இருந்தது. படுக்கிறவள் ஏற வசதியாக இருக்கட்டும் என்றுதான் தாழ்வாகச் செய்தேன். பக்கத்தில் மணிக்கணக்காக நிற்கிற ஒருத்தி இருப்பாள் என்று எனக்குத் தோன்றவே இல்லை. படுக்கிறவளுக்குத் தாழ்வு வேண்டும், நிற்கிறவளுக்கு உயரம் வேண்டும். ஒரே கட்டிலில் இரண்டுக்கும் எங்கே போவது? செங்கல் மேல் ஆடிக்கொண்டிருக்கும்போதுதான், இறங்காமலே உயர்ந்த அந்த வெற்றிலைப் பெரியவர் நினைவுக்கு வந்தார்.

அங்கேயே டேப்பை எடுத்து நர்சம்மாவின் முழங்கை உயரத்தை அளந்தேன். இரண்டு வாரம் கழித்து, அடியில் ஜாக்கி பொருத்திய கட்டிலோடு திரும்பிப் போனேன். தாய் ஏறும்வரை தாழ்வு. ஏறியபின் கைப்பிடியைத் திருகினால் உயரும். தேவராஜ் குழியைப் பலகையால் மூடினார்.

ஆரணிக்குப் போகிறவர்கள் காலைப் பஸ்ஸையே பிடியுங்கள், ஒரு மணி நேரம் கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள். நெசவாளர் வீட்டுக்குள் நுழைந்தால் முதலில் தரையைப் பாருங்கள். கட்டில் செய்கிறவர்கள், அதில் படுக்காதவர்களையும் அளந்துகொள்ளுங்கள்.

மாதக் கடைசியில் இன்னொரு கார்டு வந்தது. பயந்துகொண்டே படித்தேன். "இன்றைக்கு மூன்று பிரசவம். சாயங்காலம் செருப்பை நானே மாட்டிக்கொண்டேன்."