நான் வாசிக்காமல் விட்ட பந்தி

தொண்ணூறுகளில் கனடாவில், ரெக்ஸ்டேலில் நாங்கள் இருந்த பில்டிங்கில் யாருக்கு ஆங்கிலக் கடிதம் வந்தாலும் அது என் கதவுக்குத்தான் வரும். இமிகிரேசன், வாடகைக் கந்தோர், பள்ளிக்கூடம், எல்லாவற்றையும் நான்தான் வாசித்துச் சொல்வேன். யாழ்ப்பாணத்தில் ஆங்கில வாத்தியாராக இருந்தவன், இங்கே பிளாஸ்ரிக் தொழிற்சாலையில் பெட்டி அடுக்கினேன். அந்தக் கடிதங்கள் இல்லாவிட்டால் என்னை மாஸ்ரர் என்று கூப்பிட ஒருவரும் இருந்திருக்க மாட்டார்கள். அதனால் வாசிக்கும்போது வேண்டுமென்றே கொஞ்சம் சுணங்குவேன். முன்னால் இருப்பவர் நகத்தைக் கடித்துக்கொண்டு என் வாயையே பார்ப்பது எனக்குப் பிடித்திருந்தது.

ஒரு வருடம் பள்ளிச் சபைத் தேர்தல் வந்தது. போட்டியிட்ட வெள்ளைக்காரர் ஒருவர் தன் துண்டுப்பிரசுரத்தைத் தமிழில் எழுதித் தரச் சொல்லி என்னிடம் வந்தார். நல்ல கோட், நல்ல சிரிப்பு. அவர் கொண்டுவர நினைத்த சீர்திருத்தங்களில் ஒளிவுமறைவு இருக்கவில்லை. வெளிநாட்டிலிருந்து வரும் பிள்ளைகளுக்கு ஆங்கில விசேட வகுப்பு இரண்டு வருடம் மட்டுமே. அதற்குள் தேறாதவர்களை வைத்துக்கொண்டு மற்றவர்களின் படிப்பைக் கெடுக்கக் கூடாது, தையலும் சமையலும் பழக்குகிற வேறு பள்ளிக்கூடத்துக்கு மாற்றிவிட வேண்டும். அங்கே போன பிள்ளை பல்கலைக்கழகத்தை மறந்துவிட வேண்டியதுதான். எனக்கு அது நன்றாகவே விளங்கியது.

வென்றால் சபையில் மொழிபெயர்ப்பாளர் வேலைக்கு என்னைச் சிபாரிசு செய்வதாகச் சொன்னார். அன்றைக்கே எழுதிக் கொடுத்தேன். வேறு பள்ளிக்கூடம் என்ற பேச்சையே எடுக்கவில்லை. ‘பின்தங்கிய பிள்ளைகளுக்குத் தனிக் கவனம்’ என்று எழுதினேன்.

மாடி மாடியாக ஏறிக் கொடுத்தேன். குடியுரிமை எடுத்தவர்களுக்குத்தான் வாக்கு. அவர்களுடைய பிள்ளைகள் இங்கே பிறந்தவர்கள், விசேட வகுப்பின் வாசலையே காணாதவர்கள். “மாஸ்ரர் கொண்டு வந்தது, பிறகென்ன வாசிக்கிறது” என்று சொல்லி வாங்கி வைத்தார்கள். புதிதாக வந்தவர்களிடம் பிள்ளைகள் இருந்தார்கள், வாக்கு இருக்கவில்லை.

எட்டாம் மாடியில் ஒரு பெண் இருந்தாள். கணவன் ஷெல்லடியில் செத்துப்போக, ஒரே மகளோடு வந்து ஹோட்டலில் அறை துப்புரவாக்கிக்கொண்டிருந்தாள். மகளுக்குப் பதின்மூன்று வயது. கணக்கில் புலி, ஆங்கிலம் மட்டும் வாயில் வராது.

“உது எங்கடை பிள்ளைக்கு நல்லதோ, மாஸ்ரர்?” என்று அவள் கேட்டாள்.

“ஓம், நல்லது.”

வாக்கே இல்லாத அவள், என் கையிலிருந்த பிரசுரங்களில் பாதியை வாங்கிக்கொண்டு போய்க் கீழ்மாடிக் கதவுகளின் இடுக்குகளில் செருகிவிட்டு வந்தாள். கோட்டுக்காரர் வென்றார்.

அடுத்த வசந்தத்தில் அவள் ஒரு கடிதத்தோடு வந்தாள். மகளுக்கு இரண்டு வருடம் முடிந்துவிட்டது, செப்ரெம்பரிலிருந்து அந்த வேறு பள்ளிக்கூடம் என்று எழுதியிருந்தது. கடைசிப் பந்தியில், பெற்றோருக்குச் சம்மதமில்லை என்றால் பத்து நாட்களுக்குள் எழுதி அறிவிக்கலாம், அப்படி எழுதினால் பிள்ளையை மாற்றமாட்டோம் என்று இருந்தது.

நான் அந்தப் பந்திக்கு முன்புவரை வாசித்துச் சொன்னேன். அதோடு நிறுத்தினேன். அவள் எழுதினால் ஏன் எழுதினாள் என்று கதை வரும். நான் கதவு கதவாகக் கொடுத்தது என்ன என்று பின்னேரத்துக்குள் பில்டிங் முழுக்கத் தெரிந்துவிடும். எனக்கு வேலைக் கடிதமும் இன்னும் வந்திருக்கவில்லை.

“அவ்வளவுதான்” என்றேன்.

“அப்ப சைன் வைக்கட்டோ?”

“வையுங்கோ தங்கச்சி.”

பேனையும் நானே கொடுத்தேன். சம்மதம் என்று அச்சடித்திருந்த கீழ்த்துண்டில் கையெழுத்து வைத்துக் கிழித்து எடுத்தாள். அடுத்த நாள் மீன் ரோல்ஸ் சுட்டுக்கொண்டு வந்து தந்தாள். நன்றாக இருந்தது, எல்லாவற்றையும் சாப்பிட்டேன்.

எனக்கு அந்த வேலை கிடைக்கவில்லை. கிடைத்திருந்தால் இதை எழுதியிருப்பேனோ தெரியாது.

அவள் கையெழுத்து வைத்து மூன்று கிழமை கழித்து ஒரு சனிக்கிழமை லிஃப்டில் தாயும் மகளும் உடுப்புக் கூடையோடு ஏறினார்கள். உள்ளே என்னோடு எங்கள் ஆட்கள் நான்கைந்து பேர் நின்றார்கள்.

“மாஸ்ரர், கடைசிப் பந்தியை ஏன் அம்மாவுக்கு வாசிச்சுச் சொல்லேல்லை?” என்று மகள் கேட்டாள்.

“எந்தப் பந்தி?”

“விருப்பமில்லாட்டி பத்து நாளுக்குள்ளை எழுதலாம் எண்டு கிடந்தது. டிக்சனரி வைச்சு ஒவ்வொரு சொல்லாப் பாத்தனான். முழுக்க விளங்கேக்குள்ளை நாள் முடிஞ்சு போச்சு.”

ஆங்கிலம் வராது என்று தள்ளிவிட்ட பிள்ளை அது.

தாய் கூடையைக் கீழே வைத்துவிட்டு மகளின் கன்னத்தில் பளாரென்று அறைந்தாள். “மாஸ்ரர் எங்களுக்குப் பொய் சொல்லுவாரோ? ஆரோடை கதைக்கிறாய் எண்டு தெரியுமோ? மன்னிப்புக் கேளடி.”

பிள்ளை கன்னத்தைப் பொத்திக்கொண்டு என்னைப் பார்த்தாள். அழவில்லை. நான் ஏதாவது சொல்வேன் என்று காத்துக்கொண்டு நின்றாள். ஆறாம் மாடி போனது, ஏழாம் மாடி போனது. நான் மேலே எரிந்துகொண்டிருந்த இலக்கத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

எட்டில் கதவு திறந்தது.

“சொறி, மாஸ்ரர்” என்றாள் பிள்ளை.

“பரவாயில்லை” என்றேன். சின்னப்பிள்ளைதானே, விடுங்கோ என்று தாய்க்கு ஆறுதலும் சொன்னேன்.